நாற்பத்தோராவது குறை

"டிவிக்காரங்க உங்களைத் தேடி வந்திருக்காங்க" என்று மனைவி சம்ருவாய் வந்து சொன்னதும் விச்சித்தின் கண் பின்வாசலைத் தேடியது. சண்டைக்குத்தான் வந்திருப்பார்கள். வராமல் என்ன செய்வார்கள், அவர் செய்த காரியம் அப்படி.

ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜெண்ட் அவர். பேங்காக்கில் ஒரு ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் பேய்களிடம் புகார் வாங்கி விசாரிக்கிற 'ஆவிப் பிரிவு' என்ற தொடர் ஆறே வாரம் ஓடிப் படுத்துவிட்டது. படுக்க வைத்ததில் பெரும்பங்கு விச்சித்தின் ஆள்காட்டி விரலுக்கு உண்டு.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் 'தவறு கண்டால் எழுதுங்கள்' என்று ஓர் அட்டை காட்டினார்கள். வேறு எந்தத் தொடரும் இப்படித் தானாக வந்து முதுகைக் காட்டி அடி கேட்காது. விச்சித் விடுவாரா? போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தொடரின் இணையப் பக்கத்தில் எழுதித் தள்ளினார். துப்பாக்கி உறை தப்பான பக்கம் தொங்குகிறது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றாமலே சோறு தின்கிறார். சுவரைத் தாண்டி வந்த பேயை லாக்கப்பில் போட்டு எதற்கப்பா பூட்டுகிறீர்கள்?

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொடரை விட்டுவிட்டு இவர் எழுதுவதைப் படிக்கவே கூட்டம் சேர்ந்தது. சோப்புக் கம்பெனி விளம்பரத்தை நிறுத்தியது, சேனல் தொடரை நிறுத்தியது.

"அறுபது பேர் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்று சம்ருவாய் ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயதில் இன்னொரு பாவத்தைச் சுமக்க அவரிடம் தெம்பில்லை.

வந்தவள் ஒருத்திதான். முப்பது வயதிருக்கும், பெயர் பிம். வாசலில் ஆவிகளுக்கென்று வைத்திருந்த தெய்வ மாடத்தையும் அதில் படையலாக உறிஞ்சுகுழல் போட்டு வைத்திருந்த சிவப்பு சோடா பாட்டிலையும் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவரைக் கும்பிட்டாள்.

"அந்தத் தொடரை எழுதினவ நான்தான், பெரியப்பா."

விச்சித் எழுந்தே நின்றுவிட்டார். மன்னித்துவிடு தாயே என்றார். கிழவனுக்குப் பொழுது போகவில்லை, நாலு பேர் சிரித்ததும் தலைகால் புரியாமல் எழுதிவிட்டேன் என்றார். வேலை போனவர்கள் விலாசத்தைக் கொடு, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கைகூப்பினார்.

பிம் அவரைக் கையமர்த்தினாள். எல்லோருக்கும் வேறு தொடரில் வேலை கிடைத்துவிட்டது, தான் கோபித்துக்கொண்டு வரவில்லை, அவர் சொன்ன குறைகளும் சரிதான் என்றாள். பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். ஆறு வாரத்தில் வந்த ஆயிரத்து முந்நூறு கருத்துகளையும் ஒன்று விடாமல் படித்தாளாம். அவர் எழுதியவற்றை மட்டும் தனியாகப் பின் அடித்து வைத்திருந்தாள்.

விச்சித்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொப்பி விஷயத்தை அவள் படித்துக் காட்டியபோது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"மொத்தம் நாப்பத்தோரு குறை சொல்லியிருக்கீங்க. நாப்பது, போலீஸ் விஷயம். இது ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல" என்று கடைசித் தாளை நீட்டினாள்.

அது ஆறாம் வாரத்துக்கு எழுதியது. சாலை வளைவில் தன்மேல் மோதிவிட்டு நிற்காமல் போனவனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஒரு பெண்ணின் பேய் ஸ்டேஷனுக்கு வருகிற கதை. போலீஸ்காரர்கள் அந்த வளைவில் அவளுக்குச் சிவப்பு சோடா வைத்து ஊதுவத்தி ஏற்றுவார்கள். அதற்கு விச்சித் எழுதியிருந்தது ஒரே வரி: 'சிவப்பு சோடா தவறு, அந்தப் பெண்ணுக்குப் பச்சைதான் வைக்க வேண்டும்.'

"நாம எல்லாருமே பேய்க்குச் சிவப்புதானே வைப்போம், பெரியப்பா? உங்க வாசல்லயும் அதுதான் இருக்கு. ஆயிரத்து முந்நூறு பேர்ல வேற யாருமே இதைச் சொல்லலையே."

"ஏதோ தோணுச்சும்மா" என்றார் அவர். தாளை வாங்கக் கை நீட்டியவர் வாங்காமலே கையை இழுத்துக்கொண்டார். "தூக்கக் கலக்கத்துல எழுதினது. அதைப் பெரிசா எடுத்துக்காதே."

அந்த நேரம் பார்த்து சம்ருவாய் தட்டோடு வந்தாள். நறுக்கிய மாங்காய், மிளகாய் உப்பு, குளிர்ந்த பச்சை சோடா ஒரு பாட்டில்.

"குடிம்மா, வெயில்ல வந்திருக்கே. இவருக்குச் சர்க்கரை, இதை வாயில வைக்க மாட்டார். ஆனா வருஷா வருஷம் இந்த மாசம் வந்துட்டா ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜுல காய்கறிக்கு அடியில ஒளிச்சு வைப்பார். அப்புறம் ஒருநாள் எடுத்துக்கிட்டு எங்கயோ கிளம்பிடுவார். யாருக்குன்னு கேட்டா பதிலே வராது."

சம்ருவாய் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. விச்சித் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

பிம் அந்தப் பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது, குரலில் கோபமில்லை.

"அடிபட்ட அன்னைக்கு எங்க அக்கா பச்சை சோடா குடிச்சுக்கிட்டேதான் ரோட்டைக் கடந்தா" என்றாள். "பத்தொன்பது வருஷமா அந்த வளைவுல பச்சை சோடா வைக்கிற ஆளைத் தேடித்தான் பெரியப்பா, நான் அந்தத் தொடரையே எழுதினேன்."