அப்பாவைக் காணவில்லை

மாதா மேல் சத்தியம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் மீன் முள் என் தொண்டையில் சிக்கட்டும்.

மாதா கோயில் தேர்த் திருவிழா. கடற்கரையில் மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. கொட்டகையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொலைந்த பிள்ளைகளை அறிவிப்பது வருடா வருடம் என் வேலை.

அவள் தனியாக வந்தாள். மஞ்சள் கவுன். கையில் பாதி தின்ற பஞ்சுமிட்டாய்.

அழவில்லை.

"எங்கப்பாவக் காணும் தாத்தா. மைக்குல சொல்லுங்க."

"ஏட்டி, காணாம போனது நீதான?"

"நான் இங்கனதான நிக்கேன்."

நியாயம்தான்.

அடையாளம் கேட்டேன். மீசை உண்டாம். தனியாக விட்டால் வழி தெரியாதாம்.

"மீசை வைத்த ஓர் அப்பாவைக் காணவில்லை. கண்டவர்கள் கொட்டகைக்கு அழைத்து வரவும்."

கடற்கரையில் மீசை வைத்த அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். வரிசை கலங்கரை விளக்கம் வரை போனது. மீசையில்லாத ஒருவர், வரிசையில் நின்றபடியே வளர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இவரு இல்ல."

"இவரும் இல்ல. ஆனா பாவம், ஒரு சோடா குடுத்து அனுப்புங்க."

அலைகூடக் கொஞ்சம் நின்று பார்த்தது. நானே கண்டேன்.

வரிசை தீர்ந்தது. பஞ்சுமிட்டாயும் தீர்ந்தது.

அவள் உதடு லேசாகக் கோணியது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. மைக்கை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

பத்து, ஒன்பது, எட்டு.

ஆபத்தில் பிள்ளைகளுக்கு உதவும் எண். இறங்கி எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு மறக்காது. காசு பிடிக்காது. ராத்திரி பகல் கிடையாது. இதையும் மைக்கில் நாள் முழுக்கச் சொல்கிறேன். டெல்லி அப்பளம் தின்கிறவர்கள் காதில் விழுவதில்லை.

எதிர்முனையில் ஒரு பெண். குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டாள்.

இவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தொலைஞ்சது நான் இல்லக்கா. எங்கப்பா."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்ன சட்டை, கடைசியாக எங்கே நின்றார் என்று பொறுமையாகக் கேட்டாள்.

"வெள்ளச் சட்ட. ராட்டினத்துக்கிட்ட நின்னாரு. இப்பமும் அங்கனதான் நிப்பாரு. என்னய விட்டுட்டு வீட்டுக்குப் போவ மாட்டாரு."

ஆள் அனுப்பினார்கள்.

ராட்டினத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி பிலோமியிடம் சொன்னேன். தட்டை வைத்தபடியே கேட்டாள்.

"அந்த அப்பன் என்ன செஞ்சான்?"

"அழுதான்."

"புள்ள?"

"கவுனாலயே அவன் மூக்கத் துடைச்சுவிட்டா."

பிலோமி குழம்புச் சட்டியை எடுத்தாள்.

"போன வருசம் பச்சக் கவுனுன்னுல்லா சொன்னிய."

சோற்றில் குழம்பை ஊற்றினாள். மீனை உதிர்த்து, முள்ளையெல்லாம் முன்பே எடுத்து வைத்திருந்தாள்.

எங்கள் மகள் ஜெசிந்தா ராட்டினத்தருகே தொலைந்துபோன வருடம், கூப்பிட அப்படியோர் எண் இல்லை.