இன்னொரு கணினியில் அவள்

"பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் கண்ணு?"

பில் போடும் இந்த நாற்காலிக்கு வந்த முதல் நாள் தவமணி அக்கா அவளிடம் கேட்டது. பத்தாவதோடு பள்ளியை விட்டவள் அவள். என்ன சொல்வதென்று தெரியாமல் கூச்சப்பட்டு நின்றாள். அக்காவே எதையோ வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் அதை மாற்றவே இல்லை.

இப்போது அதைப் பதினோராவது முறையாக அடிக்கிறாள்.

கணினி உள்ளே விட மறுக்கிறது.

இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே இன்னொரு கணினியில் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்கிறது.

அவள் பெயரில்.

வாசலில் லாரி நிற்கிறது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போக வேண்டிய படுக்கை விரிப்புகள். அவள் பில் போட்டால்தான் வண்டி கரூரை விட்டு நகரும். டிரைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"ஒம் பேர்ல இன்னொருத்தி வேலை பாக்காளா தாயி? அப்ப சம்பளமும் ரெண்டாத் தரச் சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேனேஜர் சென்னியப்பன் காலையிலேயே சொல்லிவிட்டார். போன வாரம் போல இன்றைக்கும் வண்டி தாமதமானால், நாளையிலிருந்து அவளுக்குத் துணி செக்கிங் மேசைதான். நாள் முழுக்க நின்றபடி நூல் பிசிறு வெட்ட வேண்டும். அந்த மேசையிலிருந்து இந்த நாற்காலிக்கு வர அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது.

கணினியை அணைத்துப் போட்டாள். இணைய வயரைப் பிடுங்கிச் செருகினாள். கணினி சேர்த்து வைத்திருந்த பழைய பக்கங்களையெல்லாம் அழித்தாள்.

பன்னிரண்டாவது முறை. அதே பதில்.

மென்பொருள்காரர்களுக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடியது. பாட்டு நின்று மறுபடியும் ஓடியது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். அணைத்துப் போட்டீர்களா, வயரைப் பார்த்தீர்களா, பழைய பக்கங்களை அழித்தீர்களா. எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று அழாத குறையாகச் சொன்னாள்.

அப்படியானால் எங்கோ மூடாமல் விட்டிருக்கிறீர்கள் என்றாள் அந்தப் பெண். கால் மணி நேரம் யாரும் தொடாமல் இருந்தால் தானாக மூடிக்கொள்ளும். இல்லையென்றால் திரும்ப அழைக்கிறேன்.

கால் மணி நேரம் இருந்தாள்.

மூடவில்லை.

இன்னொரு கால் மணி நேரம்.

அப்போதுதான் உறைத்தது. யாரும் தொடாமல் இருந்தால்தானே மூடும்.

யாரோ தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.

பக்கத்து சாம்பிள் அறையில் பழைய பிரிண்டர் கரகரத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அது காதில் விழுந்தும் விழாமல் இருந்திருக்கிறது. எழுந்து போய், சாத்தியிருந்த கதவை விரலால் தள்ளிப் பார்த்தாள்.

கணினிக்கு முன்னால் தவமணி அக்காவின் முதுகு.

வேலையை விட்டு நின்று இரண்டு மாதம் ஆன அக்கா. நின்ற அன்று மாலையே மென்பொருளிலிருந்து அக்காவின் பெயரை நீக்கிவிட்டார்கள். பதினான்கு வருடம் இங்கே வேலை பார்த்ததற்கு ஒரு கடிதம் கேட்டு மூன்று முறை வந்தாள். சொல்லாமல் நின்றவளுக்குக் கடிதம் கிடையாது என்று மேனேஜர் திருப்பி அனுப்பினார். கடிதமோ சம்பளச் சீட்டோ இல்லாமல் புது இடத்தில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அக்கா வாசலில் அழுததை எல்லோரும் பார்த்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நுழைந்திருக்க வேண்டும்.

அக்காவின் பழைய சம்பளச் சீட்டுகள். ஒவ்வொரு மாதமாகத்தான் அச்சாகும். அக்கா ஒன்றை எடுத்து அடுக்கினாள். அடுத்த மாதத்தைத் தட்டினாள்.

திரையின் மூலையில் இவளுடைய பெயர்.

கோபம் பொங்கி வந்தது. நாற்காலியைத் தொடாமலே தன்னை அதிலிருந்து எழுப்பிவிட்டாளே.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

மேசைக்குப் பக்கத்தில் சென்னியப்பன் நின்றிருந்தார். போன் அடித்தது. அதே பெண்தான். இங்கிருந்தே துண்டித்துவிடட்டுமா, ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருப்பது பாதியில் நின்றுவிடும், அந்தக் கணினியிலிருந்து திரும்ப நுழைய முடியாது என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் இழுத்து இழுத்து அடித்தது.

"வேண்டாங்க" என்று சொல்லி போனை வைத்தாள்.

துண்டிக்க முடியாதாம், இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம் என்று மேனேஜரிடம் சொன்னாள்.

எவன் திறந்து போட்டது என்று அவர் கத்தினார்.

"நான்தாங்க."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நாளையிலிருந்து செக்கிங் மேசைக்குப் போ என்றார் சென்னியப்பன். சாம்பிள் அறைக்கும் இந்த அறைக்கும் நடுவே இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அவர் தன் அறைக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்திக்கொண்டார்.

பிரிண்டர் நிற்கவில்லை.

இருபது நிமிடம் கழித்துத்தான் நின்றது.

பதின்மூன்றாவது முறையாக அடித்தாள். திறந்தது. பில் போட்டாள். டிரைவர் அதை வாங்கிக்கொண்டு, வாரேன் தாயி என்று மெதுவாகச் சொல்லிப் போனார். லாரி உறுமிக் கிளம்பியது.

சாம்பிள் அறைக் கதவு திறந்தது.

தவமணி அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பை புடைத்திருந்தது. மேனேஜர் அறைக் கதவு இன்னும் சாத்தியேதான் இருந்தது. வேறு யாரும் இல்லை.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

அக்கா தரையைப் பார்த்தபடி மேசையைக் கடந்தாள். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். ஒரு கணம் அப்படியே நின்றாள்.

பிறகு படியிறங்கிப் போய்விட்டாள்.