அடுத்த பக்கம்

"அந்தம்மா அகராதியையே வித்துட்டாங்க," என்றார் செம்பேனா.

தேநீர் அறையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். அகராதி அலுவலகத்தில் முப்பது வருஷமாகச் சிவப்புப் பேனாவால் அச்சுப்பிழை திருத்தியே அந்தப் பட்டப்பெயர் வாங்கியவர் அவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கையிலிருந்த அச்சுப்படியை நீட்டினார். பக்கம் 212. கடைசி வரியில் 'டெமகாக்'. மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை உசுப்பேற்றிப் பிழைக்கிற தலைவர்களைத் திட்டுகிற சொல். அதற்கு அகராதியின் ஆசிரியரம்மா எழுதியிருந்த பொருள்: மக்களை வழிநடத்துபவர்.

"அவங்க அண்ணன் போன மாசம் எந்தக் கட்சியில சேர்ந்தார்? அந்தத் தலைவர் பேசினா ஊர் ரெண்டுபடுது. இப்பப் புரியுதா?"

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்கண்ணே என்றாள் தட்டச்சுக்காரி.

"நீயும் அந்தம்மா ஆளா?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

இன்றைக்குச் சொல்லை விற்றவர், நாளைக்கு நம்மையும் விற்பார் என்றார் செம்பேனா. நாலு பேர் முன்னால் நின்று பேசியே பழக்கமில்லாதவருக்கு அன்று குரல் தானாக வந்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஆசிரியரை நீக்கச் சொல்லி முதலாளிக்கு மனு தயாரானது. பத்தொன்பது கையெழுத்து.

முதலில் அந்தம்மா கையிலேயே கொடுத்தார்கள். அவர் நின்றபடி வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கிரேக்கத்துல ஆரம்பத்துல அந்தச் சொல்லுக்கு அதான் அர்த்தம். மக்களை நடத்திக்கிட்டுப் போறவன். ஏச்சா மாறினது பின்னாடி. பழைய பொருள் முதல்ல, புதுசு அடுத்து. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?" என்றவர், செம்பேனாவைப் பார்த்தார். "213ஆம் பக்கம் காலையிலேர்ந்து உங்க மேஜையில இருக்கு. திருப்பிப் பார்க்கலையா?"

செம்பேனா அண்ணன் சொன்னார், கையெழுத்துப் போட்டோம் என்று யாரோ முனகினார்கள். ஒவ்வொருவராக நழுவிக் கூட்டம் கலைந்துவிட்டது.

செம்பேனா மட்டும் நின்றார். மனு முதலாளியிடம் போனால் யார் வேலை போகும் என்று இப்போது அவருக்குத் தெரியும். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ஆசிரியரம்மா மனுவை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். 213ஐக் கொண்டுவரச் சொல்லி, பென்சிலால் ஒரு வரி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள பார்த்துக் குடுங்க."

மேஜைக்கு வந்து படித்தார். இரண்டாவது பொருள்: மக்களின் பயத்தையும் கோபத்தையும் கிளப்பிவிட்டுத் தலைவராகிறவர். அதன் கீழே, எடுத்துக்காட்டுக்கு விட்டிருந்த இடத்தில் பென்சில் எழுத்து:

'ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டுப் பத்தொன்பது பேரைத் திரட்டிவிட்டார் அந்த டெமகாக்.'

பெயர் போடவில்லை.

செம்பேனா சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு தடவை படித்தார். பிறகு ஓரத்தில் 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.