அறக்கட்டளையின் முதல் பசு

மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைத் திண்டுக்கல்லின் மேல் கக்கிக்கொண்டிருக்கிறது. கீழே பந்தலில், புகையிலை வியாபாரி பொன்னழகு தன் தகப்பனார் பெயரில் அறக்கட்டளை தொடங்குகிறார். இருந்தவரை யாருக்கும் ஒரு சுருட்டுகூடச் சும்மா தந்தறியாத அந்தத் தகப்பனார், மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து சந்தேகமாகப் பார்க்கிறார். முதல் கொடை ஒரு கறவைப் பசு. கழுத்தில் சாமந்தி மாலை, கொம்புகளுக்கு நடுவே அறக்கட்டளையின் பெயர்ப் பலகை. பால் விற்றுப் பிழைத்துக்கொள்ளச் சொல்லி, விதவை ஒச்சம்மாள் கையில் கயிற்றைக் கொடுக்கிறார். கைதட்டல் அடங்கியதும் பசு கத்துகிறது. பொன்னழகுவின் தோட்டத்திலிருந்து கன்றின் குரல் பதில் சொல்கிறது. “ஐயா, கன்னு எங்கங்கய்யா? அது முட்டாம இது சொட்டுப் பால் எறக்காதுங்களே” என்கிறாள் ஒச்சம்மாள். “பசு குடுக்கத்தான் ஆத்தா தீர்மானம். கன்னு கெடேரி, நாளைக்குப் பசுவாகுறது; அது நம்ம தோட்டத்துல வளரட்டும். செத்த சிரி, போட்டோ எடுக்குறாக.” அவள் இடுப்பிலிருக்கும் பால் செம்பு பலகையை மறைப்பதாகப் போட்டோக்காரர் குறைப்படுகிறார். செம்பைக் கீழே வைக்கிறாள். பசு தோட்டத்துப் பக்கமாக இழுக்கிறது. ஒச்சம்மாள், கயிற்றையும் சிரிப்பையும் விட்டுவிடாமல், கால் ஊன்றி நிற்கிறாள்.