ஷாம்பெயின்னா என்னன்னு தெரியுமா?

“இந்தக் கடையில யாரோ ஒருத்தர் வாய் கூசாமப் பொய் சொல்றாங்க! அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!”

மேசையைத் தட்டிய தட்டில் சில்லறை டப்பா ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. ஒயின் கடைக்குள் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தட்டியவர் டைல்ஸ்காரர். தள்ளுவண்டி இழுத்து, குடோனில் மூட்டை தூக்கி, இன்று சொந்தமாக டைல்ஸ் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர். பேரத்தில் அவரிடம் மாட்டினவன் வீட்டுக்குப் போன பிறகும் தலையைச் சொறிந்துகொண்டிருப்பான். கோபமோ, கூப்பிடும் முன்பே வந்து நிற்கும்.

இத்தனைக்கும் அவர் வாங்க வந்தது கடை ஆட்களுக்கு ஒரு பெட்டி சோடா.

அவருக்கு முன்னால் ஒரு தையல்காரர் நின்றிருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார். கடைக்காரம்மா அவருக்கு ஒரு பாட்டிலைத் தங்கக் காகிதத்தில் சுற்றி, “இந்தாங்க, நீங்க கேட்ட ஷாம்பெயின்! இதுக்கு மேல உசத்தி கிடையாது” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

காகிதம் மூடுவதற்குள் டைல்ஸ்காரரின் கண் லேபிளைப் படித்துவிட்டது. திராட்சைச் சாறு. நுரை வர வாயு ஏற்றியது. சாராயம் துளியும் இல்லை.

அப்புறம் அவர் கை எப்படிச் சும்மா இருக்கும்?

“ஏம்மா, இதுக்குப் பேர் ஷாம்பெயினா?”

“சார், உங்க முறை வரட்டும். பேசலாம்.”

“என் முறை எப்பவோ வந்தாச்சு! ஷாம்பெயின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? பிரான்ஸ்ல ஒரு பிரதேசத்தோட பேரும்மா அது. அந்த மண்ணுல விளைஞ்ச திராட்சையா இருக்கணும். அங்கேயே பாட்டிலுக்குள்ள கிடந்து தானா நுரை கட்டணும். எல்லையைத் தாண்டி பக்கத்து ஊர்ல அதே மாதிரி செஞ்சாக்கூட அந்தப் பேரை வைக்க முடியாது. வெறும் நுரை ஒயின்தான். நீங்க என்னடான்னா குழந்தை குடிக்கிற ஜூஸுக்கு அந்தப் பேரை வைக்கிறீங்க!”

அவர் மனப்பாடமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் டைல்ஸ் ஆர்டருக்காகப் பெரிய பில்டர் ஒருவரை மடக்க, ஷாம்பெயின் என்று நம்பி ஏதோ ஒரு பாட்டிலை வாங்கிப் போய் நீட்டினார். பில்டர் லேபிளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆர்டர் கைவிட்டுப் போனதுகூட ஆறிவிட்டது. அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

“சார், விட்டுடுங்க சார்” என்றார் தையல்காரர், கண்ணால் ஏதோ சாடை காட்டியபடி.

“நீங்க பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேன். உங்களை மாதிரி வாயில்லாப் பூச்சிங்களாப் பார்த்துத்தான் இவங்க தலையில மிளகாய் அரைக்கிறாங்க.”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்...”

“நான் எதுக்கு மெதுவாப் பேசணும்? பொய் சொன்னவங்களே சத்தமாத்தானே சொன்னாங்க!”

யாரோ சிரித்தார்கள். “சரியாத்தான் கேக்குறாரு” என்றார் இன்னொருவர். அது போதாதா? டைல்ஸ்காரர் காகிதத்தைச் சரக்கென்று கிழித்து, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

“நல்லாப் பார்த்துக்குங்க எல்லாரும்! இது ஷாம்பெயின் இல்ல!”

“என்னங்க...”

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. அங்கே ஒரு நாற்காலியில், தலையை இறுக்கி ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு புதுக் கண்ணாடிக் கிளாஸ். அதுவரை முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

“அவர் சொல்றது நிஜமாங்க? அது ஷாம்பெயின் இல்லையா?”

தையல்காரர் டைல்ஸ்காரரின் முழங்கையைப் பிடித்து அலமாரிக்குப் பின்னால் இழுத்துப் போனார். வாயில்லாப் பூச்சியின் பிடி இரும்பாக இருந்தது.

“என் வீட்டுக்காரி சார். புத்துநோய். இன்னிக்குப் போட்ட ஊசியோட வைத்தியம் முடிஞ்சுதுன்னு நினைச்சிட்டிருக்கா. முடியுற அன்னிக்கு ஷாம்பெயின் குடிக்கணும்னு முதல் ஊசியிலேர்ந்தே சொல்லிட்டிருந்தா. அவ கேட்டது அது ஒண்ணுதான். ஆனா இன்னும் ஒரு சுத்து ஊசி போடணும்னு காலையில டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். இந்த மருந்து உடம்புல இருக்கும்போது ஒரு சொட்டு சாராயம் உள்ள போகக் கூடாது.”

டைல்ஸ்காரரின் கையில் பாட்டில் கனத்தது.

“நாளைக்கு நானே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன் சார். இன்னிக்கு ஒரு நாள் ஜெயிச்சவளா இருக்கட்டுமேன்னுதான் கடைக்காரம்மா கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அவங்க எனக்காகத்தான் பொய் சொன்னாங்க.”

எந்தப் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் மனிதர் பாட்டிலை மெல்லக் கீழே இறக்கினார். “என்னை மன்னிச்சிருங்கண்ணே” என்றார்.

“என்கிட்ட எதுக்கு சார் மன்னிப்பு? இனிமே நான் சொன்னாலும் நம்ப மாட்டா, கடைக்காரம்மா சொன்னாலும் நம்ப மாட்டா. ஷாம்பெயின்னா என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆள் இங்க நீங்கதான். போங்க சார், ‘நான்தான் லேபிளைத் தப்பாப் படிச்சேன், இது அசல் ஷாம்பெயின்’னு உங்க வாயாலேயே அவகிட்ட சொல்லுங்க. கெடுத்தது நீங்க, நீங்களே சரி பண்ணுங்க!”