ஓகேனு வந்துச்சுல்ல?

“தனசேகர் நம்பரைத் தூக்கிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் கோதண்டம்.

“ஃபைல்லேர்ந்து எடுத்துட்டேன், தலைவரே,” என்றாள் செசிலியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள வெளியூரிலிருந்து வந்து போகும் செசிலியாவுக்கும் அதே சட்டம். ஒவ்வொரு போட்டிலும் ஒரு வயர்லெஸ் செட் உண்டு. காற்று எச்சரிக்கை வந்தால், கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கும் ஃபைலில் நம்பர் உள்ள செட்டுக்கெல்லாம் சங்கத்துக் கம்ப்யூட்டரே தகவல் சொல்லிவிடும். நம்பர் இல்லாதவனுக்குக் காற்றே நேரில் வந்து சொன்னால்தான் உண்டு.

தனசேகர் செய்த குற்றம், வலை அறுந்த தகராறுக்குத் தலைவரிடம் வராமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. அதற்காக ஊர் அவனை ஒதுக்கி வைத்துவிட்டது. ஊர் என்றால் கோதண்டம்தான், மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

“தனசேகர் அண்ணன் காலைலயே கடலுக்குப் போயிருக்கு. திடீர்னு காத்து வந்தா...”

“ஸ்டேஷன்லேர்ந்து வந்து சொல்லட்டும்,” என்றவர், தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார்.

செசிலியா, புது ஃபைலை ஏற்றச் சொல்லி, கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்கத் தொடங்கினாள்.

“இரும்மா. மொதல்ல டெஸ்ட் பண்ணு. போன மாசம் கம்ப்யூட்டர் பார்க்க வந்த அந்த ரஞ்சித் ஃபைல்ல ஒரு கமாவை எக்ஸ்ட்ராவா போட்டு மொத்தத்தையும் படுக்க வச்சான். ஒருத்தனுக்கும் மெசேஜ் போகலை. படிச்ச கழுதைங்க.”

‘டெஸ்ட்’ என்ற சொல்லை அந்த விவகாரத்தில்தான் அவர் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மீன் ஏலமானாலும் சரி, வீட்டில் வைத்த குழம்பானாலும் சரி, அதைச் சொல்லாமல் அவருக்கு வாய் மூடாது.

“டெஸ்ட்டுன்னா, தலைவரே...”

“எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே சங்கம் நடத்தினவன் நான். சொன்னதைச் செய்.”

அடித்த வரியின் கடைசியில் ‘டெஸ்ட்’ என்று சேர்த்துத் தட்டினாள். பச்சை எழுத்தில் ‘ஓகே’ என்று வந்தது.

“அப்புறம்...” என்று அவள் மறுபடி கீபோர்டில் கை வைத்தாள்.

“அப்புறம் இன்னா அப்புறம்? ஓகேனு வந்துச்சுல்ல? கையை எடு.”

எடுத்துவிட்டாள். கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஊரையே காப்பாற்றிவிட்ட களைப்போடு வெளியே போனார்.

மத்தியானம் கடல் கறுத்தது. எச்சரிக்கை போனதும் போட்டுகள் அடித்துப் பிடித்துக்கொண்டு கரை ஏறின. தனசேகரின் போட்டை மட்டும் காணோம்.

“ஒதுக்கி வச்சவன் ஒதுங்கியே வரட்டும்,” என்றார் கோதண்டம், கரையில் நின்றவர்கள் காதில் விழும்படி. யாரும் சிரிக்கவில்லை.

அப்போது அவர் மனைவி செல்வம்மாள் மணலில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தாள்.

“யோவ், நம்ம புள்ள வினோத்தும் அந்த போட்லதான் கீறான்யா.”

“எந்த போட்ல?”

“தனசேகர் போட்ல. சின்ன வயசுலேர்ந்து சிநேகிதம், நீ ஒதுக்கி வச்சா உட்டுடுமா? நைனாகிட்ட சொல்லாதேனு சொல்லிட்டுப் போனான்யா பாவி.”

கோதண்டம் கடல் பக்கம் திரும்பினார். தனசேகர் மற்ற போட்டுகளோடு சேர்ந்து வலை போடக் கூடாது. அதுவும் அவர் போட்ட கட்டுப்பாடுதான். மற்றவர்கள் கரைக்குத் திரும்பியதுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் எங்கேயோ தனியாகக் கிடப்பார்கள்.

சங்கத்துக்கு ஓடினார். துண்டு வழியிலேயே விழுந்துவிட்டது.

“அந்த நம்பரைத் திரும்பப் போடும்மா. சீக்கிரம் போடு. உன் கால்ல வுழறேன்.” ஊரை அதட்டியே பழகிய குரல் அழுதது.

செசிலியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்காலியை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அந்த போட்டுக்கும் எச்சரிக்கை போயிடுச்சு. வந்துகினு இருக்கோம்னு உங்க பையன்தான் பதில் சொன்னாரு.”

“எப்படிம்மா? நீதான் நம்பரை எடுத்துட்டியே, ஓகேனு வந்துச்சே...”

“டெஸ்ட்டுன்னா புது ஃபைல்ல தப்பு இருக்கானு சும்மா சரி பார்க்கிறது, தலைவரே. கம்ப்யூட்டர் இன்னும் பழைய ஃபைலைத்தான் பார்க்குது. புதுசை ஏத்தறதுக்குள்ளதான் நீங்க கையை எடுன்னுட்டீங்களே.”