வண்டி கிளம்பிய நேரம்

"ஒரே ஒரு நிமிஷம் அந்த வண்டி நின்னிருந்தா, நம்ம பொண்ணு கையப் புடிச்சு இறக்கியிருப்பேன்" என்று மறுபடியும் அழுதாள் மனைவி.

ரயில் நிலையப் படியில் விழுந்து சிராய்த்திருந்த அவள் முழங்காலுக்கு அவர் மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைக்காவது நேரத்துக்குக் கிளம்புற வண்டியாக்கா அது? இன்னைக்குன்னு டாண்ணு கிளம்பிடுச்சு" என்றான் அவள் தம்பி.

"நேத்து இவர்கிட்ட எவ்வளவு கெஞ்சினா. 'நீங்க பச்சைக்கொடி காட்டினா போதும்ப்பா'ன்னு. இவர் என் முகத்தைப் பார்த்துட்டு, முடியாதுன்னுட்டார். அப்பா பேச்சையும் மீறி அந்தப் பையனோட போயிட்டாளே."

அவர் தலை நிமிரவில்லை.

"விடுங்க மாமா. நீங்களும் காலையிலேர்ந்து தெருத்தெருவாத் தேடினீங்க."

"பாழாப்போன லீவு இவருக்கு இன்னைக்கா வரணும்? கேபின்ல இவர் இருந்திருந்தா சிக்னலைச் சிவப்புலயே வச்சிருப்பார்."

அவர் பஞ்சை மாற்றினார்.

தேடப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் நேராக சிக்னல் கேபினுக்குத்தான் போயிருந்தார். வேலையில் இருந்தவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஜன்னலோரம் நின்றார். மகள் அந்தப் பையனோடு வண்டியில் ஏறியதைப் பார்த்தார். மனைவி ஓடிவந்து படியில் விழுந்ததையும் பார்த்தார்.

அதன் பிறகுதான் பச்சை விளக்கைப் போட்டார்.